தயிர் ஊதாவாகத்தான் வர வேண்டும்

ஞாயிறு, காலை 8.40

துளையின் ஆழம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். உருகிவரும் பனிநீர் மணிக்கு நாற்பது லிட்டர். கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது. வெளியே தூசிக்காற்று, பலமில்லை.

இதைப் படிப்பவர் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரிகள் மேலும் கீழுமாகப் போகின்றன. எனக்கு அறுபத்தொன்பது வயது. எழுதப் பழகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கத்திலும் எழுத்து புடைத்துத் தெரிகிறது. 'ணை' வந்தால் நின்று மூச்சு விட்டுக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஏழெட்டு வரிக்கு ஒரு டம்ளர் காபி ஆறிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமான வேலையை நான் செய்ததே இல்லை.

என் பெயர் அர்த்தநாரி. ஊர் திருச்செங்கோடு. ரிக் வண்டியில் ஐம்பது வருடம் போர்வெல் போட்டவன். ராஜஸ்தானில் போட்டேன், தான்சானியாவில் போட்டேன், இப்போது செவ்வாய்க் கிரகத்தில் போடுகிறேன். கிழவனை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். இங்கே வானத்திலிருந்து விழும் கதிர்வீச்சால் வருகிற நோய் முற்றுவதற்கு முப்பது வருடம் ஆகுமாம். அதுவரை இவன் எங்கே இருக்கப்போகிறான் என்று சொல்லாமல் சொல்லி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் கேட்காமல் புரிந்துகொண்டேன்.

வாரம் ஒருமுறை கையால் குறிப்பு எழுத வேண்டும் என்பது இங்கே விதி. கம்ப்யூட்டர் செத்தாலும் காகிதம் கிடக்கும், பிறகு வருபவர் பார்க்கலாம். இதுவரை எஞ்சினியர்கள் எழுதினார்கள். அவர்கள் நாலு பேரும் போன மாதக் கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். நீண்ட பயணம் என்பதால் மருந்துப் பெட்டியில் பெரும்பாகமும் அவர்களோடு போயிற்று. அடுத்த கப்பல் வர ஒன்பது மாதம். அதுவரை நானும் டாக்டர் ஜெபசெல்வியும் மட்டும்தான்.

டாக்டரம்மாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வரும் வழியில் கப்பலில் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தோமே, அப்போது எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். நிலையத்தில் எல்லாப் பாட்டிலிலும் எனக்காகத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். வேலை இல்லாதபோது அலமாரி அலமாரியாகப் படித்துக்கொண்டு போவேன்.

முந்தாநாள் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்பைப் பிடித்துக்கொடுக்க வந்தவருக்கு அதன் விளிம்பு இடது முழங்கையைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டார். ஒன்றுமில்லை என்கிறார்.

பூமியிலிருந்து நேற்று வந்த செய்தி: "அர்த்தநாரி ஐயா, டாக்டர், நாளையிலிருந்து சூரியன் நமக்கு நடுவில் வந்துவிடும். பதினைந்து நாளைக்கு நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் பேசுவதும் எங்களுக்கு வராது. விலகியதும் கூப்பிடுகிறோம். பத்திரம்."

புதன், காலை 7.15

துளை வேலையை நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் எழுத வேண்டும், ஆனால் இன்று எழுதாமல் முடியாது. டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல்.

சிகிச்சை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு இன்டர்காமில் கூப்பிட்டார். அந்த அறை நிலையத்துச் சுரங்கப்பாதையின் ஒரு கோடியில் இருக்கிறது. மைக்ராஸ்கோப் இருக்கும் சோதனை அறை மறு கோடியில், என் துளைக்குப் பக்கத்தில். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்குதுங்க அம்மிணி."

"காயத்துல சீழ் வச்சிருச்சி. காய்ச்சல் நூத்தி மூணு. கிருமி ரத்தத்துல ஏறிட்டுன்னு நெனைக்கேன். மருந்து ரெண்டு இருக்கு. வான்கோமைசின், ஜென்டாமைசின். எதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"நானுங்களா? ரெண்டையும் போட்டுப்போடலாங்க. எதுக்கு வம்பு?"

"ரெண்டும் கிட்னியக் கடிக்கும். இப்பவே ஒண்ணுக்குச் சரியாப் போகல. சேத்துப் போட்டா கிருமி சாகுதோ இல்லியோ, நான் செத்துருவேன்."

பிறகு மூச்சு வாங்கி வாங்கி விளக்கினார். கிருமிகள் இரண்டு வகை. ஒன்றுக்குச் சுவர் தடிமன். மற்றதற்குச் சுவர் மெல்லியது, ஆனால் அதற்கு வெளியே கொழுப்பால் ஒரு சட்டை போட்டிருக்கும். வான்கோமைசின் சுவர் கட்டுகிற வேலையைக் கெடுக்கும், ஆனால் கொழுப்புச் சட்டைக்குள் அதனால் நுழைய முடியாது. சட்டைக்காரனுக்கு ஜென்டாமைசின். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாயம் ஏற்றினால்தான் வேறுபாடு தெரியும்.

"முதல்ல ஊதாச் சாயம், பொறவு அயோடின். அயோடின் உள்ள போயி ஊதாவப் பிடிச்சிக் கட்டியாக்கும். அதுக்கு மேல ஆல்கஹால ஊத்துனா தடிச்ச சுவரு சுருங்கிக்கும், கட்டி உள்ளயே மாட்டிக்கும். மெல்லிசுச் சுவரா இருந்தா கொழுப்பு கரைஞ்சி சாயம் வெளிய ஓடிரும். கடைசியா சிவப்பு. ஓடிப்போனவன் அந்தச் சிவப்பக் குடிச்சி ரோஸ் ஆயிருவான். ஊதாவா ரோஸான்னு சொல்லுங்க, போதும்."

"நீங்களே ஒருக்கா வந்து பாக்க முடியாதுங்களா?"

"எனக்கு உங்க குரலே ரெண்டு ரெண்டாக் கேக்குது அண்ணாச்சி."

புதன், மதியம் 2.30

சாயம் ஏற்றினேன்!

கையுறை போட்டுக்கொண்டு போய்க் காயத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து வந்தேன். கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, காயவைத்து, சூடான தட்டில் ஒருமுறை காட்டினேன். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டைப் படித்தேன். ஊதா. அயோடின். மூன்றாவதில் 'சாராயம்' என்று எழுதியிருந்தது. இன்டர்காமில் வாய்விட்டுப் படித்தேன்.

"அது நான் வெளையாட்டுக்கு எழுதுனது. குடிச்சிராதிய."

"விட்டு இருவது வருசமாச்சுங்க அம்மிணி. ஆசை காட்டாதீங்க."

சிரிக்கப் போய் இருமினார். "சாராயத்த ஊத்துங்க. சாயம் ஓடுறது நின்னதும் தண்ணி ஊத்திருங்க," என்றார்.

தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். ஊதா ஓடியது, வெளுத்தது, நின்றது. இந்த வேலை எனக்குப் பழக்கம்தான். போர் போட்டு முடித்ததும் கம்ப்ரசர் காற்றை விட்டுச் சேற்றை வெளியே தள்ளுவோம். கலங்கல் ஓடி, பால்போல வந்து, பிறகு தெளியும். தெளிந்தவுடன் நிறுத்துபவன் ரிக்காரனே அல்ல. மேலும் கொஞ்ச நேரம் விட்டால்தான் அடியில் ஒளிந்திருக்கும் வண்டல் வரும். இங்கேயும் தாராளமாக விட்டேன். கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. பிறகு தண்ணீர், சிவப்பு, மறுபடி தண்ணீர்.

மைக்ராஸ்கோப்பில் எண்ணெய்ச் சொட்டு வைத்துக் கண்ணைப் பதித்தேன். முதலில் ஒன்றுமில்லை. திருகைத் திருப்பத் திருப்ப மூட்டத்துக்குள்ளிருந்து அவை எழுந்து வந்தன. சின்னச் சின்னக் குச்சிகள். தனியாகச் சில, சங்கிலியாகச் சில. நான் முதன்முதலில் என் பெயரைப் படித்த அன்று வந்த சிலிர்ப்பு திரும்ப வந்தது. கோளாறு செய்கிறவை என்று தெரியும். இருந்தாலும் இந்தக் கிரகத்தில் எங்கள் இருவரைத் தவிர உயிரோடு இருப்பவற்றைக் கண்ணால் கண்டேன்.

"குச்சிங்க அம்மிணி. எல்லாம் ரோஸ். தாமரைப் பூ மாதிரி அத்தனை அழகா இருக்குது."

"ரோஸ்தானா? நல்லாப் பாத்தியளா?"

"ஒண்ணுகூட ஊதா இல்லீங்க."

"அப்பச் சரி. ஜென்டாமைசின்."

டிரிப் ஊசியைக் காலையிலேயே தன் கையில் தானே குத்திவைத்திருந்தார். மருந்தைக் கலந்து ஏற்றினேன்.

வியாழன், மாலை 5.00

காய்ச்சல் இறங்கவில்லை. முழங்கைச் சிவப்பு தோள் வரை வந்துவிட்டது. சிறுநீர் ஒரு டம்ளர்கூட இல்லை. பேச்சு கோர்வையாக இல்லை. தன் அம்மாவிடம் பேசுவதுபோல என்னிடம் மீன்குழம்பு கேட்டார். "ஆகட்டுங்க, வைக்கறேன்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தூங்கியதும் நிலையம் பெரிதாகிவிடுகிறது. ரேடியோவைப் போட்டால் சூரியனின் இரைச்சல் மட்டும், வாணலியில் ஏதோ ஓயாமல் பொரிவதுபோல. அதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அலமாரிச் சீட்டுகளை வாய்விட்டுப் படித்தேன். உப்பு. பால்பொடி. பேதி மாத்திரை. எல்லாமே அவர் கையெழுத்து. படிக்கப் படிக்க அவர் பேசுவதுபோல இருந்தது. நிறுத்திவிட்டேன்.

வெள்ளி, காலை 10.20

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று காலை அவருக்குக் கொஞ்ச நேரம் தெளிவு இருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டு நாளு மருந்து ஏறியும் அசையல. எனக்கு அந்த ரோஸ் மேல சந்தேகமா இருக்கு. தயிர் இருக்கா?"

"இருக்குதுங்க. மோர் கரைச்சுட்டு வரட்டுங்களா?"

"குடிக்க இல்ல. தயிர உறைய வைக்கிறதும் கிருமிதான். அது தடிச்ச சுவர்க்காரன், சாயம் போட்டா ஊதாவாத்தான் வரும். வராம இருக்காது. காயத்துச் சீழுக்குப் பக்கத்துல தயிரையும் ஒரு பொட்டு வச்சி சாயம் போடுங்க. ரெண்டையும் சேத்துப் பாப்போம்."

அப்படியே செய்தேன். புதன்கிழமை போலவே ஒவ்வொன்றும் செய்தேன். பார்த்தேன். சீழிலும் ரோஸ். தயிரிலும் ரோஸ்.

சொன்னேன்.

"தயிரு ரோஸா வராது அண்ணாச்சி. சாராயம் எவ்வளவு நேரம் ஊத்துனிய?"

"தெளியற வரைக்கும்ங்க."

"தெளிஞ்ச பொறவு?"

"அதுக்கப்பறமும் கொஞ்சம் விட்டேனுங்க. நம்ம போர்ல விடற மாதிரி."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பாட்டில்ல கால்வாசிங்க."

அவர் வையவில்லை. வைதிருந்தால் தேவலை. "ஐயோ, மெனக்கெட்டுக் கழுவியிருக்கியளே," என்று மட்டும் சொன்னார். அளவுக்கு மேல் ஊற்றினால் எவ்வளவு தடித்த சுவரும் கடைசியில் சாயத்தை விட்டுவிடுமாம். ஓட்டம் நிற்கிற அந்த நொடியே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். பிந்தினால் ஊதாக்காரனும் ரோஸ் வேஷம் போட்டுவிடுவான். நான் கண்ட அழகான தாமரைப்பூ நிறம் என் கையால் வந்தது.

அந்த ரோஸை நம்பி இரண்டு நாள் தப்பான மருந்தை அவர் ரத்தத்தில் ஏற்றியிருக்கிறேன்.

"அண்ணாச்சி. இருக்கியளா? இப்ப அழுதா தகடு நனைஞ்சிரும். மூணு பொட்டு வையிங்க. ஒண்ணு தயிர், ஒண்ணு கக்கூஸ் தொட்டித் தண்ணி, நடுவுல என் சீழ். தொட்டித் தண்ணியில சட்டைக்காரன் நிறைய இருப்பான், ரோஸா வருவான். தயிர் ஊதாவா வரணும். அது ரெண்டும் சரியா வந்தாத்தான் நடுப்பொட்ட நம்பலாம்."

முதல் தகடு கை தவறி விழுந்தது. இரண்டாவதில் தயிர் பாதி ரோஸாக வந்தது. மூன்றாவதற்குச் சாராயப் பாட்டிலை எடுத்தபோது ஐம்பது வருடப் பழக்கம் இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று கையைத் தள்ளியது. சொட்டுச் சொட்டாக விட்டேன். தகட்டின் ஓரத்தில் ஓடிய ஊதா வெளுத்த உடனே தண்ணீரை அடித்தேன். அழுக்காக, அரைகுறையாக, பாதி வேலையில் எழுந்தவன் செய்ததுபோல இருந்தது.

தொட்டித் தண்ணீர் ரோஸ். தயிர் ஊதா. கத்தரிப்பூ ஊதா. நடுப்பொட்டுக்கு நகர்த்துவதற்கு முன்னால் கண்ணை எடுத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

ஊதா. அத்தனை குச்சியும் ஊதா.

"வான்கோமைசினுங்க அம்மிணி!"

"கத்தாதிய. காது கேக்கும். கொண்டு வாங்க."

கிட்னி அடிபட்டிருப்பதால் நாளைக்கு ஒரு பாட்டில்தான், மிக மெதுவாக ஏற்ற வேண்டும் என்றார். "கடைசி பாட்டில் வரைக்கும் போட்டாகணும். நடுவுல நிறுத்துனா மறுபடி வருவான். முன்னவிட முரடா வருவான்." சொல்லிவிட்டு மயங்கிவிட்டார்.

ஞாயிறு, காலை 9.00

வாரக் குறிப்பு. துளை நிற்கிறது. சேமித்த குடிநீர் போதும். கம்ப்ரசர் ஓடவில்லை.

மூன்று பாட்டில் ஏறியிருக்கிறது. காய்ச்சல் நூற்றி இரண்டரை. கண் திறக்கவில்லை. கட்டை மாற்றினேன். உதட்டை நனைத்தேன்.

அவர் பேசாத வீட்டில் எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.

புதன், மதியம் 1.10

சிறுநீர்! ஒன்றரை டம்ளர்! இதைக் குறிப்பில் எழுதலாமா கூடாதா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

காய்ச்சல் நூறு. தோளில் இருந்த சிவப்பு முழங்கைக்கே திரும்பிவிட்டது. மதியம் இன்டர்காம் கரகரத்தது.

"அண்ணாச்சி, மீன்குழம்பு வைக்கேன்னிய. எங்க?"

"மீனு வாங்கப் போனவன் இன்னும் வரலீங்க அம்மிணி. சந்தை கொஞ்சம் தூரம்."

சுரங்கப்பாதையில் நின்றுகொண்டே சிரித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஞாயிறு, மாலை 4.20

வாரக் குறிப்பு. துளை நிற்கிறது. டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். காய்ச்சல் இல்லை. ஐந்து பாட்டில் பாக்கி. ஐந்து நாள் பாக்கி, அதோடு அலமாரி காலி. நாளை சூரியன் விலகும், பூமி பேசும். பேச்சு வரும். மருந்து வராது.

வியாழக்கிழமை அவர் காயத்தை மறுபடி சோதித்தபோது தகடு உடைந்து என் வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. கழுவிக் கட்டினேன். நேற்று வீங்கியது. இன்று காலை சிவப்புக் கோடு ஒன்று மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. குளிர் தூக்கிப்போடுகிறது.

நானே எடுத்து நானே சாயம் போட்டேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. தயிர் இந்தப் பக்கம், தொட்டித் தண்ணீர் அந்தப் பக்கம், நடுவில் என் விரல். கை தடுமாறினாலும் சாராயம் சரியான நொடியில் நின்றது. பார்த்தேன். இதுவரை நான் போட்டதிலேயே இதுதான் அருமையானது. ஒரு குச்சிகூட நிறம் விடவில்லை. ஒவ்வொன்றின் சுவரும் கோடு போட்டதுபோல. அத்தனையும் ஊதா. அவருடைய அதே ஊதா.

மறைக்கவில்லை. சொன்னேன்.

"பாதிப் பாதி அண்ணாச்சி. இருக்கிறதப் பங்கு வச்சிக்கிடுவோம்."

"பாதி ஆழத்துல நிறுத்துன குழியில எங்கீங்க தண்ணி வந்துச்சு?"

"இது குழியில்ல, கை."

"நடுவுல நிறுத்துனா முரடா வருவான்னு சொன்னது யாருங்க?"

"அது டாக்டரு சொன்னது. இப்பப் பேசுதது ஜெபா."

"ஜெபாகிட்ட ஊசி இல்லீங்களே. என் கையிலதானுங்க இருக்குது."

"நீரு ஒரு பிடிவாதம் பிடிச்ச கெழடு ஓய்!"

"ஆமாங்க."

அழுதார். பிறகு நாளை எப்படியும் எழுந்து வந்து விரலைத் திறந்து சீழை வடிப்பதாகச் சொன்னார். தேவைப்பட்டால் விரலையே எடுத்துவிடுவாராம். எடுத்துக்கொள்ளட்டும். இன்றைய பாட்டிலை அவருக்கு ஏற்றிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். அவரால் ஊசியைப் பிடுங்க முடியாதபடி பக்கத்திலேயே இருந்து, கடைசிச் சொட்டு இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்டர்காமை அணைக்கவில்லை. தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறது.

விரல் மடங்கவில்லை. பேனாவை நாலு விரலால் பிடித்திருக்கிறேன். எழுத்து பெரிதாகிறது. வரிக்கு மூன்று சொல்தான்

குளிர். கம்பளி போட்டும் குளிர்.

மிச்சத்தை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். துளையை மறுபடி ஓட்டியாயிற்றா, தண்ணீர் எவ்வளவு, எல்லாம் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் கீழ்ப்பாதி காலியாக இருக்கிறது. மிச்சத்துக்கு அது போதும்.

அம்மிணி, நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். அந்தக் காலியிடத்தில் நீங்கள் எதையும் எழுதிவிடாதீர்கள். அது என் இடம்.